ஒலியும் ஒளியும் உலாவியை நிறுத்திய காலம்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் மேல்குடைவரையில் மகேந்திரவர்ம பல்லவர் வெட்டுவித்த கல்வெட்டு ஏறத்தாழ 1400 ஆண்டுகளாக அங்கேயே நிற்கிறது. காவிரிக்கு வடக்கே திருவரங்கத்துப் பெருங்கோயிலின் சுவர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், ஹொய்சளர், விசயநகரத்தார் எனப் பல மரபினர் காலத்துச் செய்திகளைச் சுமந்து நிற்கின்றன. இவற்றைப் படிக்கப் பயிற்சி வேண்டும். வேறு கருவி ஏதும் வேண்டா. இதே ஊர்களில் இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் கணினித் திரையில் நாம் கண்டு மகிழ்ந்த அசைபடங்களும் கேட்டு மகிழ்ந்த ஒலிப்பதிவுகளும் பலவாக இருந்தும், அவற்றுள் பெரும்பகுதியை இன்றைய உலாவி எதிலும் நேரடியாகத் திறக்க முடிவதில்லை. எத்துணைப் பெரிய வேறுபாடு!

உயிருடன் இருந்தவரை அவை நம் கணினிகளைத் திணறடித்தன. மறைந்தபோது தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட செல்வத்தையும் உடன் கொண்டு சென்றன. மந்தம், மறைவு ஆகிய இவ்விரண்டும் வெவ்வேறு குறைகள் அல்ல, ஒரே காரணத்தின் இரு விளைவுகள் என்பதே இக்கட்டுரையில் நாம் நிறுவ விழைவது.

வானொலியும் வலையும்

திருச்சிராப்பள்ளிக்கு ஒலியின் வரலாறு புதிதன்று. இந்நகரின் வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டு மே 16 அன்று தொடங்கப்பட்டது. அன்று வானொலிப் பெட்டி ஒன்றை வாங்கியவர், திருச்சிக்கு ஒரு பெட்டி, சென்னைக்கு மற்றொரு பெட்டி என வாங்க வேண்டிய தேவை எழவில்லை. குமிழைத் திருகினால் போதும்.

வையவிரிவலை பிறந்தபோது அதற்கு இந்த வசதி வாய்க்கவில்லை. தொடக்க கால உலாவிகள் எழுத்தையும் நிலைப்படத்தையும் காட்ட வல்லவை. இசைக்கவோ அசைபடம் காட்டவோ அவை அறியா. இந்தியாவில் 1995 ஆகஸ்டு 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது, குறைந்த கட்டணக் கணக்குகளில் படம்கூடத் தெரியாது. எழுத்து மட்டுமே தெரியும்.

ஆயினும் மனிதர்க்கு எழுத்து மட்டும் போதுமா? திருவரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தை அச்சு நூலில் படிக்கலாம். ஆனால் மார்கழியில் பகல் பத்து, இராப் பத்து நாள்களில் அரையர்கள் தாளமிசைத்துப் பாடி அபிநயிக்கும் அரையர் சேவையை எந்த நூலில் படிப்பது? அதற்கு ஒலி வேண்டும், காட்சி வேண்டும். இத்தகைய தேவை உலகெங்கும் இருந்தது. அதனை நிறைவு செய்யவே செருகுநிரல்கள் தோன்றின.

1995இல் ரியல் ஆடியோ வந்தது. 1996இல் நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு, வெளியார் எழுதிய நிரல்களை உலாவிக்குள் செருகிக்கொள்ள வாயில் அமைத்துக் கொடுத்தது. அதே ஆண்டில் மைக்ரோசாப்ட், தன் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் மூன்றாம் பதிப்பில் ஆக்டிவ்எக்ஸ் என்ற வேறொரு வாயிலைத் திறந்தது. ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் என்ற சிறு மென்பொருளை மாக்ரோமீடியா நிறுவனம் வாங்கி, ஃப்ளாஷ் எனப் பெயரிட்டு வளர்த்தது. குவிக்டைம், விண்டோஸ் மீடியா, ஜாவா குறுநிரல்கள் ஆகியனவும் வரிசையில் சேர்ந்தன. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வானொலிப் பெட்டி என்ற நிலை இவ்வாறு உருவாயிற்று.

ஒரே கூரையின் கீழ்

மந்தம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்று நுணுகிப் பார்ப்போம்.

அன்றைய அமைப்பில் செருகுநிரல் உலாவியின் வீட்டுக்குள்ளேயே குடியேறியது. உலாவிக்கு ஒதுக்கப்பட்ட அதே நினைவகத்தில் அதுவும் இயங்கியது. அடுப்படி ஒன்று, முற்றம் ஒன்று. ஆனால் அந்த விருந்தாளி தன் அறையில் என்ன செய்கிறார் என்பதை அறிய வீட்டுக்காரருக்கு வழி இல்லை. பக்கத்தில் இன்ன நீள அகலத்தில் ஓர் இடத்தை உலாவி ஒதுக்கித் தரும். அதனுள் எத்தனை படங்கள் ஓடுகின்றன, எவ்வளவு நினைவகம் செலவாகிறது என எதுவும் அதற்குத் தெரியாது.

இதன் விளைவுகள் மூன்று. ஒன்று, ஃப்ளாஷ் அசைபடம் ஒரு நொடிக்குப் பன்னிரண்டு, இருபத்துநான்கு எனப் படங்களை வரைந்துகொண்டே இருக்கும்; அந்த வேலை பெரும்பாலும் கணினியின் நுண்செயலி மீதே விழும். ஒரு பக்கத்தில் நான்கு விளம்பரங்கள் இருந்தால் நான்கும் ஒரே வேளையில் வரையும். நாம் வேறு பக்கத்துக்கு மாறிச் செய்யுள் படித்துக்கொண்டிருந்தாலும், பின்னால் மறைந்த பக்கத்தில் அவை ஓயா. இரண்டு, செருகுநிரல் பெற்ற நினைவகத்தை முறையாகத் திருப்பித் தராமல் போவதுண்டு. காலையில் விரைந்த உலாவி மாலையில் ஊர்வதற்கு இதுவே பெருங்காரணம். மூன்று, செருகுநிரல் எதற்கேனும் காத்து நின்றால் உலாவி முழுவதும் காத்து நிற்கும். அது விழுந்தால் உலாவியும் விழும். திறந்திருந்த பத்துப் பக்கங்களும், பாதி எழுதிய மடலும் உடன் விழும்!

காவிரிக்கரையின் இணைய மையங்கள்

சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தில்லைநகரிலும் திருவரங்கத்துக் கடைவீதிகளிலும் பிரவுசிங் சென்டர் என்ற பலகைகள் பெருகிய காலம் 2000ஆம் ஆண்டையொட்டியது. 64 அல்லது 128 எம்பி நினைவகம் கொண்ட கணினிகள் அங்கு வரிசையாய் அமர்ந்திருக்கும். கட்டணம் மணிக்கணக்கில். ஆகவே மந்தம் என்பது பொறுமையை மட்டும் சோதிக்கவில்லை, மாணவர்களின் சட்டைப்பையையும் சோதித்தது.

எளிய கணக்கு ஒன்று போடுவோம். தொலைபேசிவழி இணைப்பின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட். ஓர் இணையதளத்தின் முகப்பில் 700 கிலோபைட் அளவில் ஓர் ஃப்ளாஷ் அறிமுகக் காட்சி இருந்தால், இணைப்பு முழு வேகத்தில் இருந்தாலும் அது வந்து சேர 100 நொடிகள் ஆகும். நடைமுறையில் முழு வேகம் கிடைப்பதில்லையாதலால் மூன்று, நான்கு நிமிடங்களும் ஆகலாம். இத்தனைக்கும் அக்காட்சியில் இருப்பது சுழன்று வரும் ஒரு பெயர் மட்டுமே. 'அறிமுகத்தைத் தாண்டுக' என்னும் பொருளில் ஒரு சிறு பொத்தான் மூலையில் இருக்கும். அப்பொத்தானும் ஃப்ளாஷுக்கு உள்ளேயே இருந்ததால், காட்சி ஓரளவு வந்து சேரும் வரை அதைச் சொடுக்கவும் இயலாது.

தமிழ் வாசகருக்கு இன்னொரு சுமையும் இருந்தது. ஒருங்குறி பரவுவதற்கு முன் ஒவ்வோர் இதழும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. அதை வாசகர் தனியே நிறுவ வேண்டும். அல்லது பக்கத்தோடு தானே இறங்கும் இயங்கு எழுத்துருவை உலாவி ஏற்க வேண்டும். அவற்றிலும் மைக்ரோசாப்டின் வழி ஒன்று, நெட்ஸ்கேப்பில் பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் வழி வேறொன்று. ஆங்கில வாசகருக்கு ஒலி, ஒளிக்கு மட்டும் தேவைப்பட்ட துணைக்கருவி, நமக்கு வெறும் எழுத்தைப் படிக்கவே தேவைப்பட்டது.

இச்சூழலில் தமிழ் வாசகர்களைக் கணினித்திரைக்கு அழைத்து வந்தவர்களுள் முதன்மையான ஒருவர் திருவரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியில் பயின்ற எழுத்தாளர் சுஜாதா (1935-2008) என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர் ஆசிரியராக இருந்த அம்பலம் இணைய இதழ், தமிழின் தொடக்க கால இணைய இதழ்களுள் குறிப்பிடத்தக்கது. கணினி பற்றி அவர் எழுதிய எளிய தமிழ்க் கட்டுரைகள் ஒரு தலைமுறையின் அச்சத்தைப் போக்கின.

2004ஆம் ஆண்டுவாக்கில் வலைப்பதிவுகள் பெருகின. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். அகலப்பட்டைச் சேவையைத் தொடங்க, 256 கிலோபிட் இணைப்பு வீடுகளுக்குப் படிப்படியாக வந்தது. வேகம் கூடியதால் மந்தம் ஒழிந்ததா எனில், இல்லை! பதிவின் ஓரத்தில் ஃப்ளாஷ் கடிகாரம், ஃப்ளாஷ் நாள்காட்டி, திறந்தவுடன் தானே பாடும் பாட்டுப்பெட்டி, மீன்கள் நீந்தும் தொட்டி எனப் பதிவர்கள் அணிகலன் பூட்டத் தொடங்கினர். நான்கு வரிக் கவிதையைப் படிக்கச் சென்றால் நாற்புறமும் ஏதேனும் ஆடிக்கொண்டிருக்கும். இணைப்பு விரைந்தது, நுண்செயலி திணறியது. மந்தத்தின் இருப்பிடம் தொலைபேசிக் கம்பியிலிருந்து கணினிக்குள் இடம்பெயர்ந்தது, அவ்வளவே.

நோய் நாடிய வழிகள்

மருந்துக்கு முன் நோயை நாட வேண்டும் என்பது நம் மருத்துவ மரபு. அன்றைய பயனர்கள் கற்ற முதற்பாடம், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நுண்செயலியின் உழைப்பு எங்கே போகிறது எனப் பார்ப்பது. உலாவியின் பெயருக்கு நேரே 90, 95 விழுக்காடு என எண்கள் நின்றால் குற்றவாளி உலாவியே என்று முடிவு கட்டிவிடுவோம். உள்ளிருந்த விருந்தாளியின் பெயர் அப்பட்டியலில் வராது. பழி வீட்டுக்காரர் மேல் விழும். ஆகவே பக்கங்களை ஒவ்வொன்றாய் மூடிப் பார்ப்பது, செருகுநிரல்களை ஒவ்வொன்றாய் முடக்கிப் பார்ப்பது, கணினி தொடங்கும்போதே சொல்லாமல் வந்து அமரும் ரியல் ப்ளேயர், குவிக்டைம் போன்றவற்றின் துணைநிரல்களை நீக்குவது என ஒவ்வொருவரும் தத்தம் வழியில் ஆராய்ந்தனர்.

ஃபயர்ஃபாக்ஸ் பயனர்கள் ஃப்ளாஷ்பிளாக் என்ற நீட்சியைக் கண்டுகொண்டனர். அது பக்கத்தில் உள்ள ஃப்ளாஷ் பகுதிகளைத் தடுத்து, அவ்விடத்தில் ஒரு பொத்தானை மட்டும் காட்டும். வேண்டியதைச் சொடுக்கினால் அது மட்டும் இயங்கும். அழையா விருந்தாளி வாயிலிலேயே காத்து நிற்கும் நிலை.

இதே முறை வேறொரு திசையிலிருந்தும் வந்தது விந்தை. உலாவிக்குள் வெளிநிரலை இயக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்த எயோலஸ் நிறுவனமும் கலிபோர்னியப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாப்ட் மீது தொடுத்த வழக்கில், 2003 ஆகஸ்டில் 52.1 கோடி டாலர் இழப்பீடு எனத் தீர்ப்பு வந்தது. அதன் தொடர்ச்சியாக 2006இல் மைக்ரோசாப்ட், ஆக்டிவ்எக்ஸ் உருப்படிகளோடு ஊடாடும் முன் பயனர் ஒருமுறை சொடுக்க வேண்டும் என மாற்றியது. உலகமே எரிச்சலுற்றது. உடன்பாடு ஏற்பட்டபின் 2008இல் அம்மாற்றம் நீக்கப்பட்டது. சட்டத்தின் நெருக்குதலால் வந்து சென்ற சொடுக்கு, சில ஆண்டுகளில் நலம் கருதி எல்லா உலாவிகளிலும் நிலையாக வந்து அமர்ந்தது.

மதில் எழுந்தது

உண்மையான மருந்து 2008இல் கிடைத்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான கூகுளின் குரோம் உலாவி, செருகுநிரலை வீட்டைவிட்டு வெளியேற்றித் தனிக்குடித்தனம் வைத்தது. அதாவது, உலாவி ஒரு தனி இயக்கம், செருகுநிரல் மற்றொரு தனி இயக்கம். செருகுநிரல் விழுந்தால் பக்கத்தில் ஒரு சாம்பல் கட்டம் மட்டும் தோன்றும், உலாவி நிற்காது.

திருவரங்கத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. ஏழு திருச்சுற்றுகளுள் வெளிச்சுற்றுகளான உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி ஆகியவற்றில் வீடுகளும் கடைகளும் ஊர்திகளும் நிறைந்துள்ளன. அங்கே எத்துணை நெரிசல் ஏற்பட்டாலும் உள்சுற்றில் வழிபாடு நிற்பதில்லை. இடையில் மதில்கள் உள்ளன. அதுவரை உலாவிகளுக்கு இத்தகைய மதில் இல்லை.

2010 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸின் 3.6.4 பதிப்பும் இம்மதிலை எழுப்பியது. 10 நொடிகள் விடையளிக்காத செருகுநிரலை உலாவியே நிறுத்திவிடும் என விதிக்கப்பட்டது. அடுத்த சில நாள்களிலேயே முறையீடுகள் குவிந்தன. ஃபார்ம்வில் என்ற ஃப்ளாஷ் விளையாட்டில் உழவு செய்து வந்தவர்களின் பழைய கணினிகளில், தோட்டம் திறக்கவே 10 நொடிகளுக்கு மேல் ஆயிற்றாம்! அதே மாத இறுதிக்குள் 3.6.6 பதிப்பு வெளியாகிக் காத்திருப்பு 45 நொடிகளாக உயர்த்தப்பட்டது. மந்தத்துக்கு மக்கள் எவ்வளவு பழகியிருந்தனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மதில் ஒன்றைச் செய்தது, ஒன்றைச் செய்யவில்லை. உலாவி விழுவதைத் தடுத்தது. ஆனால், விருந்தாளியின் அறைக்குள் என்ன இருக்கிறது என்பதை அப்போதும் உலாவி அறியாது. இந்த அறியாமையே அடுத்து வந்த இழப்புக்கு வித்து.

அந்திமக் காலம்

2007இல் வெளிவந்த ஐபோன் ஃப்ளாஷுக்கு இடமளிக்கவில்லை. 2010 ஏப்ரலில் ஆப்பிளின் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட மடல், மாக் கணினிகள் செயலிழப்பதற்கு ஃப்ளாஷே முதற்காரணம் எனக் குற்றம் சாட்டியது. 2005இல் மாக்ரோமீடியாவை வாங்கியிருந்த அடோபி நிறுவனம் மறுத்தது. எனினும் 2011 நவம்பரில் கைப்பேசிக்கான ஃப்ளாஷ் உருவாக்கத்தைக் கைவிடுவதாக அதுவே அறிவித்தது. 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5 தரநிலை முழுமை பெற்றது. ஒலியும் காட்சியும் உலாவியின் சொந்த மொழியிலேயே இடம்பெற்றன. விருந்தாளி செய்த வேலையை வீட்டுக்காரரே செய்யக் கற்றுக்கொண்டார். 2015 ஜனவரியில் யூடியூப் அம்முறைக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் குரோமும் 2017 மார்ச்சில் ஃபயர்ஃபாக்ஸும் பழைய நெட்ஸ்கேப் வாயிலை அடைத்தன. ஃபயர்ஃபாக்ஸில் ஃப்ளாஷுக்கு மட்டும் சிறிது காலம் விலக்கு இருந்தது. 2020 டிசம்பர் 31 அன்று ஃப்ளாஷுக்கான ஆதரவு முடிவுற்றது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் ப்ளேயர் தானே தன் கோப்புகளை இயக்க மறுத்தது. பழைய ஃபார்ம்வில் விளையாட்டும் அதே டிசம்பர் 31 அன்று மூடப்பட்டது.

தென்னாப்பிரிக்க வருவாய்த் துறையின் சில படிவங்கள் ஃப்ளாஷில் இருந்தமையால், 2021 ஜனவரியில் அத்துறை தனக்கென ஓர் உலாவியையே வெளியிட நேர்ந்தது. ஓர் அரசுக்கே இந்நிலை எனில், ஆர்வத்தால் தனியொருவராய் ஆலயக் காட்சிகளையும் இசைப்பதிவுகளையும் வலையேற்றியவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

மிஞ்சியவையும் மறைந்தவையும்

இங்குதான் இலக்கிய ஆர்வலர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. 1998 பொங்கல் திருநாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், நம் பண்டை இலக்கியங்களை எளிய எழுத்துக் கோப்புகளாகத் தட்டெழுதி வைத்தது. தொடக்கத்தில் இருந்த எழுத்துக் குறியீடு பின்னாளில் வழக்கொழிந்தது. என்ன கெட்டுப்போயிற்று? ஒன்றுமில்லை. கோப்புக்குள் எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பது வெளிப்படையாக இருந்ததால், நூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. நாலாயிரமும் அவ்வாறே இன்றும் நம் கையில் உள்ளது.

அதே பாசுரத்தை ஒருவர் ஃப்ளாஷ் காட்சியாக, அழகிய எழுத்துகள் அசைந்து வர, பின்னணியில் இசையொலிக்க அமைத்திருந்தால்? அன்று அது கணினியைத் திணறடித்திருக்கும். தேடுபொறியின் கண்ணுக்கு எளிதில் தெரிந்திராது. இன்று திறக்கவும் திறக்காது. உள்ளே இருப்பதை உலாவி அறியாததால் அன்று அதனை அடக்க இயலவில்லை. அதே காரணத்தால் இன்று அதனை மீட்கவும் உலாவியால் இயலவில்லை. மந்தமும் மறைவும் ஒரே வேரில் கிளைத்தவை என நாம் தொடக்கத்தில் கூறியது இதனையே.

ஆயினும் மனம் தளர வேண்டியதில்லை. ரஃபிள் என்ற கட்டற்ற மென்பொருள் பழைய ஃப்ளாஷ் கோப்புகள் பலவற்றைச் செருகுநிரலின்றி இயக்குகிறது. 2020 நவம்பர் முதல் இணைய ஆவணக்காப்பகமான இன்டர்நெட் ஆர்க்கைவ் இதன் துணையோடு பழைய அசைபடங்களைக் காத்து வருகிறது. ரியல் ஆடியோ ஒலிக்கோப்புகளை எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளால் இன்றைய வடிவங்களுக்கு மாற்றலாம். ஆனால், பழைய ஃப்ளாஷ் ப்ளேயரைத் தேடி முன்பின் அறியாத தளங்களிலிருந்து இறக்கி நிறுவுவது தீங்கு விளைவிக்கும். அதனைத் தவிர்ப்பது நன்று.

இன்றைய உலாவிகளிலும் மந்தம் உண்டு. குற்றவாளிகள் மாறியுள்ளனர்: தானே ஓடும் காணொலிகள், விளம்பர நிரல்கள், நாமே விரும்பிச் சேர்த்த நீட்சிகள். வேறுபாடு என்னவெனில், இன்று அவர்களின் பெயர் தெரியும். விண்டோஸ் கணினியில் குரோமில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருசேர அழுத்தினால், ஒவ்வொரு பக்கமும் நீட்சியும் எவ்வளவு நினைவகத்தையும் உழைப்பையும் உண்கின்றன என்ற பட்டியல் விரியும். மிகுதியாக உண்பதை அங்கேயே நிறுத்திவிடலாம்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பேழைகளில் 2000ஆம் ஆண்டையொட்டிய குறுந்தட்டுகள் இருக்கக்கூடும். ஒரு கோயில் திருவிழாவோ, மறைந்துவிட்ட ஓதுவார் ஒருவரின் பண்ணோ, உங்கள் பாட்டனாரின் குரலோ அவற்றில் பழைய வடிவங்களில் உறங்கிக் கொண்டிருக்கலாம். குறுந்தட்டுகளும் நாளடைவில் அழிபவை. அவற்றை இவ்வாண்டே எடுத்து, வெளிப்படையான வடிவத்துக்கு மாற்றி, இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள். பதிவில் ஒலிப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்ற மூன்றையும் எளிய எழுத்துக் கோப்பு ஒன்றில் குறித்து அருகே சேருங்கள்.